வாசலில் நின்ற தேசபக்தி

சுடலைக்கண்ணன் ராணுவத்தில் சேர முடியாமல் போனதற்கு ஒரே ஒரு காரணம்தான். அவனுக்கு வேலை தேவைப்பட்டது.

அதை அவன் மறைத்திருக்கலாம். மறைக்கிற பழக்கம் இல்லை. விடியும் முன் மும்பை தாராவியில் அம்மா பூமாரி அவித்துக் கொடுக்கும் இட்லியை அலுமினிய அண்டாவில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே செம்பூர் வரை மிதிப்பவன் அவன். சட்னி கொஞ்சம் புளித்துவிட்டால் அதையும் சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவான்.

ஓட்டத்தில் அவனுக்குக் குறையில்லை. சயான் மேம்பாலத்தில் நிறைந்த அண்டாவோடு சைக்கிளை ஏற்றுகிறவனுக்கு மைதான ஓட்டம் ஓய்வு மாதிரி. மார்பளவு சரி, உயரம் சரி. எழுத்துத் தேர்வுதான் காலை வாரியது. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டான். கோச்சிங் சென்டரில் கேட்ட தொகையை வீட்டில் சொன்னபோது பூமாரி மாவிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தாள். இந்த வருஷத்தோடு வயது வரம்பும் முடிகிறது. இப்போது விட்டால் பிறகு எப்போதும் இல்லை.

அவன் தினமும் இட்லி விற்கிற இடத்துக்கு எதிரிலேயே ஒரு பெரிய பலகை இருந்தது. இந்தியில் இருந்ததால் அவன் அதைப் படிக்க முயன்றதில்லை. ஒருநாள் கூட்டாளி சைஃப் சட்னியைத் தொட்டுக்கொண்டே படித்துச் சொன்னான்.

"இளைஞர் தியாக உணர்வு மேம்பாட்டுக் கழகம். பட்டாளத்துல சேர ஆறு மாசம் ஃப்ரீ டிரெய்னிங். சாப்பாடு ஃப்ரீ, தங்க எடம் ஃப்ரீ, எக்ஸாமுக்குப் படிப்பும் ஃப்ரீ. ஏல, இது மூணு வருசமா இங்கதாம்லா இருக்கு."

"நீ ஏம்ல மொதல்லயே சொல்லல?"

"எனக்குக் கண்ணுல படல. இவ்ளோ நாளு எனக்கு வேலை இருந்துச்சு."

சைஃப் ஒரு ரெடிமேட் யூனிட்டில் காலர் தைத்துக்கொண்டிருந்தவன். ஆர்டர் குறைந்ததும் முதலாளி மெஷின்களுக்குத் துணி போர்த்தினார், ஆட்களுக்கு சலாம் போட்டார். இப்போது சைஃப் காலையில் இந்த நாக்காவில் வந்து நிற்கிறான். நாக்கா என்றால் கூலியாட்கள் வேலைக்காகக் காத்து நிற்கும் முனை. கழகத்தின் வாசலில் அரசமர நிழலும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்ததால், நாக்கா தானாக அங்கே அமைந்துவிட்டது. கொத்தனார் கரண்டியோடு நிற்பார், பெயின்டர் பிரஷ்ஷோடு நிற்பார், ஒன்றும் தெரியாதவர் வெறுங்கையோடு நிற்பார். கார் ஏதாவது நின்று, வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது இறங்கினால், அத்தனை பேரும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்வார்கள். முதலில் சூழ்கிறவனுக்குத்தான் அன்றைய சோறு.

மறுநாள் இட்லி விற்று முடித்ததும் சுடலைக்கண்ணன் அண்டாவைச் சைஃபிடம் விட்டுவிட்டு உள்ளே போனான்.

*

கழகத்தின் இயக்குநர் டாக்டர் கல்யாணகிருஷ்ணன். மாட்டுங்காக்காரர். ஏதோ ஒரு துறையில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து எழுந்து, ஓய்வு பெற்ற அடுத்த திங்கட்கிழமையே இங்கே வந்து உட்கார்ந்தவர். தமிழ்ப் பையன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"உட்காருப்பா. ஒரே கேள்விதான். ஏன் ராணுவத்துல சேரணும்?"

"சம்பளம் வரும்லா சார்."

டாக்டர் பேனாவை மூடினார். பக்கத்தில் இருந்த புள்ளிவிவர அதிகாரி செண்பகவல்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருவரும் வீட்டில் யாரோ தவறிவிட்டது போல் முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

"வேற ஏதாவது?" என்றார் டாக்டர், கடைசி நம்பிக்கையோடு.

"மூணு வேளை சாப்பாடு போடுவாங்க. அப்புறம்..." சுடலைக்கண்ணன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "பனி பாக்கணும் சார். மலை மேல வெள்ளையா கெடக்கும்லா, அது. அங்க நின்னு காவல் காக்கணும்னு சின்னப்புள்ளயில இருந்தே ஒரு ஆச."

இதை அவர்கள் இருவரும் கேட்கவில்லை. சம்பளம் என்ற சொல்லுக்குப் பிறகு எதையும் கேட்பது கழக விதிக்குப் புறம்பு.

"பாருப்பா," டாக்டர் பொறுமையாக ஆரம்பித்தார். "பொருளாதாரத்துக்கும் பட்டாளத்துல சேர்றதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சில பேர் எழுதிண்டிருக்கா. வேலை இல்லாத இடத்துல இருந்துதான் ஆள் வர்றதுன்னு சொல்றா. நாங்க மூணு வருஷமா ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சிருக்கோம். இந்தக் கழகத்துல காசுக்காகச் சேர்ந்தவன் ஒருத்தன் கூடக் கிடையாது."

"எப்படி சார் நிரூபிச்சீங்க?"

"காசுக்காக வர்றவனை நாங்க சேர்த்துக்கறதே இல்லையே."

சுடலைக்கண்ணன் தலையாட்டினான்.

"உனக்கு இப்போ வேலை இருக்கா?"

"சரியா இல்ல சார். அதனாலதான்..."

"அதுதான் தப்பு. வேலையில இருக்கறவன் அதை உதறிட்டு வந்தா, அது தியாகம். வேலை இல்லாதவன் வந்தா, அது வேலை தேடறது. நாங்க எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் நடத்தலை. நல்ல வேலை ஒண்ணு தேடிக்கோ. அதுல திருப்தியா செட்டில் ஆகு. அப்புறம் வா."

வெளியே வரும் வழியில் பயிற்சி விடுதியின் கதவு திறந்திருந்தது. வரிசையாகக் கட்டில்கள். மெத்தைகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. ஒரு மேஜை மீது எழுத்துத் தேர்வுப் புத்தகங்கள் அடுக்கடுக்காக, நூல் கட்டு அவிழாமல் கிடந்தன. ஆள் யாரையும் காணோம்.

"இங்க யாருமே சேரலயா அண்ணே?" என்று வாட்ச்மேனிடம் கேட்டான்.

"ஒருத்தர் செலக்ட் ஆனாரு," என்றார் வாட்ச்மேன். "வெளிநாட்டுல பெரிய வேலை, சொந்த ஃப்ளாட், கார். எதுவுமே தேவையில்லாத ஆளு. முழு மார்க்."

"அவரு எங்க?"

"எதுவும் தேவையில்லாததால வரல."

*

"வேலை கெடச்சா நான் ஏம்ல பட்டாளத்துக்குப் போறேன்?" என்று சுடலைக்கண்ணன் சைஃபிடம் கேட்டான்.

"அதத்தாம்ல அவங்களும் கேக்காங்க," என்றான் சைஃப்.

ஆனாலும் அவன் விடவில்லை. யோசித்துப் பார்த்ததில் இட்லி விற்பதும் வேலைதானே என்று பட்டது. இரண்டு வாரம் கழித்துத் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு மறுபடி போனான். சுயதொழில் என்று கேட்டதும் டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"பிரமாதம். தொழிலதிபர். வருமானம் போதுமானதா இருக்கா?"

"போதல சார். நாக்காவுல ஆளுகளுக்கு வேல இல்லன்னா அவங்க எப்படி இட்லி திங்க? ரெண்டு தின்னவங்க இப்ப ஒண்ணுதான் திங்காங்க."

டாக்டர் கொடுத்த கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இருந்தாலும் இரக்கப்பட்டு, கழகத்தின் கடைசி வாய்ப்பான தூய உணர்வுச் சோதனைக்கு அனுப்பி வைத்தார்.

சோதனை எளிமையானது. விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். அது நாடித் துடிப்பைக் கணக்கிடும். எதிரே திரையில் படங்கள் வரும். கொடியைப் பார்த்து நாடி ஏறினால் பாஸ். சோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது விதி. தியாகம் நிறைந்த வயிற்றில் தங்காது என்று ஒரு ஆய்வில் தெரியவந்ததாம். சுடலைக்கண்ணன் இட்லி விற்பவன் என்றாலும் விதியை மதிப்பவன். முந்தின மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை.

கொடி வந்தது. நாடி ஏறியது. செண்பகவல்லி புன்னகை செய்தார். பனிமலை வந்தது. நாடி இன்னும் ஏறியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரே நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அடுத்து, ஒரு ராணுவ முகாமின் சாப்பாட்டுக் கூடம். நீள மேஜை. தட்டில் ஆவி பறக்கும் சோறு, மட்டன் குழம்பு, பக்கத்தில் அவித்த முட்டை.

மெஷின் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்து, கிளிப்பைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் ஓயவில்லை.

செண்பகவல்லி வருத்தத்தோடு குறித்துக்கொண்டார். "பொருளாதாரக் கலப்படம்."

*

செண்பகவல்லி நல்லவர். அவனை நிராகரித்த பிறகும் அவனிடமே இட்லி வாங்கினார். மறுநாள் பார்சல் கட்டும்போது வாசலுக்கு மேலே மின்னிக்கொண்டிருந்த சிவப்பு எண்ணைக் காட்டி அவன் கேட்டான்.

"மேடம், அது என்ன? தெனமும் மாறிக்கிட்டே இருக்கு."

"அதுதான் எங்க உயிரே," என்றார் செண்பகவல்லி. "தியாக உணர்வுக் குறியீடு. இந்த கேமரா இருக்கு இல்லையா, காலையில வாசல்ல எத்தனை இளைஞர்கள் வந்து நிக்கிறாங்கன்னு அதுவே எண்ணிடும். விடியறதுக்குள்ள வந்து, வெயில்லயும் மழையிலயும் மணிக்கணக்கா நிக்கிறாங்க. யாரும் அவங்களைக் கூப்பிடலை. யாரும் காசு குடுக்கலை. தானா வர்றாங்க. உலகத்துல எந்த நாட்டுலயும் இப்படி ஒரு டேட்டா கிடையாது."

சுடலைக்கண்ணன் நாக்காவைத் திரும்பிப் பார்த்தான். கொத்தனார் ஒருவர் கரண்டியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இவங்களையா மேடம் சொல்லுதீங்க?"

"ஆமா. உள்ள வர்றதுக்கு மட்டும் கொஞ்சம் கூச்சம். மழைக்காலத்துல பாக்கணும் நீ. கட்டட வேலையெல்லாம் நின்னு ஊரே முடங்கிக் கிடக்கும்; இங்க மட்டும் தேசபக்தி பொங்கும். அதைப் பத்தி நான் ஒரு கருத்தரங்குல கட்டுரை வாசிச்சேன், 'பருவமழையும் தியாக உணர்வும்'னு. தீபாவளி முன்னால கொஞ்சம் இறங்கும். தேர்தல் சமயத்துல மொத்தமா படுத்துடும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏன்னு இன்னும் புரியலை. ஆராய்ச்சி நடக்குது."

தேர்தல் சமயத்தில் ஊர்வலத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் லாரியோடு வந்து நாக்காவையே அள்ளிக்கொண்டு போவது சுடலைக்கண்ணனுக்குத் தெரியும். சொல்ல வாய் எடுத்தான். அதற்குள் செண்பகவல்லி கூடுதல் சட்னி கேட்டார்.

*

பிறகு அந்தப் பயங்கரம் நடந்தது.

நாட்டில் வேலை கிடைத்துவிட்டது.

நாடு முழுக்க இல்லை, வாஷியில் மட்டும். அங்கே பிரம்மாண்டமான ஒரு கிடங்கு எழும்புகிறது என்றும், மழைக்கு முன்னால் கூரை போட்டாக வேண்டும் என்றும் செய்தி வந்தது. அப்துல் ஹாதி என்ற காண்டிராக்டர் விடிந்தும் விடியாமலும் ஒரு லாரியோடு நாக்காவுக்கு வந்தார். "எவ்ளோ ஆளு இருந்தாலும் ஏறு" என்றார். கரண்டி, பிரஷ், வெறுங்கை, எல்லாம் ஏறின. சைஃபும் ஏறினான்.

வாசலுக்கு மேலே குறியீடு முதல் தடவையாகப் பூஜ்யத்தைக் காட்டியது.

டாக்டர் கல்யாணகிருஷ்ணன் காரை விட்டு இறங்கி, எண் பலகையைப் பார்த்து, கண்ணாடியை மாற்றிப் போட்டு மறுபடி பார்த்தார்.

"வாட்ச்மேன், தேசபக்தி எங்கே போச்சு?"

"வாஷிக்குப் போயிருக்கு சார்."

மறுநாளும் பூஜ்யம். அதற்கடுத்த நாளும். ஒரு நாய் வந்து நிழலில் படுத்தபோது மட்டும் எண் ஒரு கணம் ஒன்றுக்குத் தாவி, யோசித்து, இறங்கியது. டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். காரணம் இருந்தது. வருகிற திங்கட்கிழமை மானியக் குழுத் தலைவர் தில்லியிலிருந்து நேரில் வருகிறார். குறியீட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த மூன்று வருஷத்துக்கான மானியம்.

நாக்கா ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவன் அந்தத் தெருவில் ஒருவன்தான். சுடலைக்கண்ணன் உள்ளே அழைக்கப்பட்டான். இந்தத் தடவை டீயும் வந்தது.

"தம்பி, அந்தப் பசங்களை ஒருநாள் திரும்பக் கூட்டிண்டு வரணும்."

"வரமாட்டாங்க சார். வாஷியில ரேட் நல்லா இருக்கு."

"ரேட்டா? அவா ரேட்டுக்கு வர்ற ஆட்களா?" டாக்டருக்கு நிஜமாகவே வலித்தது. மேஜையிலிருந்த பேனாவைத் திறந்தார். "சரி. என்ன ரேட்?"

சுடலைக்கண்ணன் சொன்னான்.

"அதுக்கு மேல கொஞ்சம் போட்டுத் தர்றோம். ஆனா அது கூலி இல்லை. மதிப்பூதியம். கூலிக்கு வர்றவன் எங்க வாசல்ல நிக்கக் கூடாது, புரியறதா?"

"புரியுது சார். ஆனா ஒரு சந்தேகம். ஆளுக வேல இருந்தா வரமாட்டாங்க, இல்லன்னா வருவாங்கன்னு பாத்தா..."

"அதையெல்லாம் நீ பேசாதே," என்று டாக்டர் அவசரமாக இடைமறித்தார். பிறகு ஏனோ அவருக்கே மனசு இளகிவிட்டது. "உன்கிட்ட சொல்றதுக்கென்ன. மாட்டுங்காவுல எங்க பில்டிங்கை இடிச்சுப் போட்டுட்டான், புதுசு கட்டறேன்னு. நாலு வருஷமா வாடகை வீடு. பென்ஷன் வாடகைக்கே சரியாப் போறது. பையன் படிப்புக்கு வாங்கின லோன் வேற நிக்கறது. இந்த வேலையும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு. எனக்கு இது அவசியம் தேவைப்பா."

சுடலைக்கண்ணன் அவரையே பார்த்தான். இந்த மனுஷர் விரலில் அந்த கிளிப்பை மாட்டினால் மெஷின் என்ன சத்தம் போடும் என்று ஒரு நினைப்பு வந்தது. கேட்கவில்லை. வேறொன்று கேட்டான்.

"நான் ஆளு கூட்டியாந்தா எனக்கு இங்க சீட் கெடைக்குமா சார்? எனக்கு இந்த வருசம் விட்டா வயசு தாண்டிரும்."

"கொடுத்தேன். தலைவர் வந்து உன்னை ஒரு கேள்வி கேப்பார். என்ன வேணும்னு. 'எனக்கு எதுவும் வேண்டாம்'னு சொல்லணும். அவ்வளவுதான். அன்னிக்குச் சாயங்காலமே விடுதியில கட்டில் உனக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க சுடலைக்கண்ணன் இட்லித் தட்டு கழுவிக்கொண்டே இந்தியில் சொல்லிப் பழகினான். எனக்கு எதுவும் வேண்டாம். எனக்கு எதுவும் வேண்டாம்.

"பெறவு யாருக்கு இந்த இட்லியெல்லாம்?" என்றாள் பூமாரி.

*

திங்கட்கிழமை நாக்கா நிறைந்தது. சைஃப்தான் ஏற்பாடு. வாஷிக்கு மேல் ரேட் என்றதும் செம்பூர் மட்டுமில்லாமல் மாஹிம் பக்கத்து ஆட்களும் வந்துவிட்டார்கள். குறியீடு கழக வரலாற்றிலேயே இல்லாத உச்சத்துக்கு ஏறியது. செண்பகவல்லி அதை மூன்று கோணத்தில் போட்டோ எடுத்தார்.

ஒரே ஒரு குறை. கருவிகளை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒருவரும் கேட்கவில்லை. நாக்காவில் நிற்கிறவன் கருவி இல்லாமல் நின்றால் கை இல்லாமல் நிற்கிற மாதிரி. எனவே கரண்டி, பிரஷ், மட்டப்பலகை, டிரில் மெஷின் எல்லாம் தியாக உணர்வோடு வரிசையில் நின்றன.

வெள்ளைக் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை போட்ட தலைவர் ஒரு காலைத் தரையில் வைத்தார்.

டாக்டர் அவர்களுக்கு வணக்கம் சொல்லக் கற்றுக் கொடுத்திருந்தார், மார்பு நிமிர்த்தி நிற்கக் கற்றுக் கொடுத்திருந்தார், வரிசை கலையாமல் இருக்கப் பயிற்சி கொடுத்திருந்தார். ஆனால் வருஷக்கணக்கான பழக்கம் வேறு. கார்க் கதவு திறந்த சத்தம் கேட்ட அந்த நொடியில் வரிசை உடைந்தது. அத்தனை பேரும் பாய்ந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களின் தோள் மேல் ஏறி, கருவிகளைத் தூக்கிக் காட்டினார்கள். என்னை எடுங்க சாப். நான் ரெடி சாப். இப்பவே வாரேன் சாப். அவனை விடுங்க சாப், என்னைக் கூட்டிட்டுப் போங்க.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது.

கண்ணைத் திறந்தபோது தலைவர் அழுதுகொண்டிருந்தார்.

"நாற்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வேகம் பார்த்ததில்லை," என்று இந்தியில் தழுதழுத்தார் தலைவர். ஒரு பெயின்டர் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "எங்கே போகணும், என்ன சம்பளம்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா? கூட்டிட்டுப் போங்கன்னு மட்டும் கேட்கிறாங்க."

டாக்டருக்குச் சட்டென்று உயிர் வந்தது. படியில் ஏறி நின்று, தயாராக வைத்திருந்த உரையை ஆரம்பித்தார்.

"தலைவர் அவர்களே. இந்த இளைஞர்களுக்கு வீட்டில் வசதி இல்லை. ஆனாலும் அவர்கள் இங்கே நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இவர்களுக்கு நிரந்தர வேலை இல்லை. அதுவும் தற்செயல். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இங்கே நிற்கவில்லையே என்று சிலர் குறை சொல்கிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்தே உணர்ச்சிவசப்படுகிறார்கள். எங்கள் புள்ளிவிவரப்படி தியாக உணர்வு, வாடகை வீட்டில் அதிகமாகவும், சொந்த வீட்டில் ஆழமாகவும் இருக்கிறது..."

உரை சூடு பிடித்தபோது பின்வரிசையில் சைஃப் மெல்ல செண்பகவல்லியிடம் போய்க் கேட்டான். "மேடம், பைசா எப்போ? சாயங்காலம் அஞ்சு மணிக்கா, ஆறுக்கா?"

"மதிப்பூதியமா? பில் போடணும். ஆடிட் பார்க்கணும். முப்பது வேலை நாள்ல வந்துடும்."

சைஃப் திரும்பி வந்து அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான். அவர் அடுத்தவரிடம் சொன்னார். நாக்காவில் கூலி என்றால் அன்று பொழுது சாய்வதற்குள் கைக்கு வர வேண்டும். முப்பது நாள் என்பது அங்கே புழக்கத்தில் இல்லாத சொல்.

சரியாக அப்போது தெரு முனையில் ஹாரன் அடித்தது. அப்துல் ஹாதியின் லாரி. இரண்டு வளைவுக்கு அப்பால், தினமும் ஆள் ஏற்றும் இடத்தில் யாரும் கிடைக்காமல் தேடித் தேடி வந்திருந்தது.

"வாஷி, வாஷி," என்று கிளீனர் கதவைத் தட்டினான்.

தேசபக்தி லாரியில் ஏறியது. பக்கவாட்டில் தொற்றிக்கொண்டது. பின்கதவை மூட முடியாமல் பிதுங்கியது. தலைவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கே போறாங்க எல்லாரும்?"

"பயிற்சிக்கு சார்," என்றார் டாக்டர். "இவங்களைக் காக்க வைக்கவே முடியாது."

லாரியிலிருந்து சைஃப் கையை நீட்டினான். "ஏல கண்ணா, வால. ஒரு ஆளுக்கு எடம் இருக்கு."

சுடலைக்கண்ணன் விடுதியின் ஜன்னலைப் பார்த்தான். பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள் தெரிந்தன. மேஜை மேல் புத்தகக் கட்டுகளும் தெரிந்தன.

"நீ போ மாப்ள. எனக்கு இங்க கட்டில் இருக்கு."

லாரி போய்விட்டது. வாசலில் இட்லி சைக்கிளும் அவனும் மட்டும். தலைவர் அவனிடம் நெருங்கி வந்து, தோளில் கை வைத்து, தகப்பன் மாதிரிக் கேட்டார். "சொல்லு மகனே. உனக்கு என்ன வேண்டும்?"

தொண்டை வரை வந்தது. அந்தப் புத்தகங்களில் ஒன்று வேண்டும். கட்டில் வேண்டும். ஆறு மாதம் படிக்க வேண்டும். பனியில் நிற்க வேண்டும். டாக்டர் தலைவருக்குப் பின்னால் நின்று வாயசைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எதுவும் வேண்டாம் சார்," என்றான் சுடலைக்கண்ணன், நல்ல இந்தியில், ஒரு தட்டும் தடங்கலும் இல்லாமல்.

தலைவர் அவனைக் கட்டிக்கொண்டார். மானியம் அந்த இடத்திலேயே இரட்டிப்பானது.

*

சாயங்காலம் அவன் ஒரு பையில் இரண்டு சட்டை, ஒரு சோப்பு, ஒரு துண்டோடு வந்து நின்றான். டாக்டர் கூரியரில் வந்த இரண்டாவது கேமராவைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், கட்டில்..."

"என்ன கட்டில்?"

"ஆளு கூட்டியாந்தா சீட் தாரேன்னு சொன்னீங்கள்லா."

டாக்டர் கேமராவைக் கீழே வைத்தார். முகத்தில் உண்மையான வேதனை. "தம்பி, யோசிச்சுப் பாரு. ஆள் கூட்டிண்டு வந்ததுக்குச் சீட் வாங்கினா, அந்தச் சீட்டுக்குப் பேர் என்ன? கூலி. கூலிக்குச் சேர்றவனை நான் எப்படிச் சேர்த்துக்க முடியும்? அதோட, தலைவர் முன்னாடி நீயே சொல்லிட்டே எதுவும் வேண்டாம்னு. அதை அப்படியே ரிப்போர்ட்ல போட்டாச்சு, உன் போட்டோவோட. இப்போ போய் நீ கட்டில் வேணும்னு கேட்டா, அவர் மனசு என்ன பாடுபடும்?"

செண்பகவல்லி அந்தப் போட்டோவைக் காட்டினார். அட்டைப்படம். அவன் நன்றாகத்தான் விழுந்திருந்தான்.

வீட்டில் பூமாரி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். பையோடு போனவன் பையோடு வந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி உளுந்தில் கையை விட்டாள். அவனாகவே எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஏல, பொறந்ததுல இருந்து ஒன்ன ஒரு பெரியாளு கூப்புட்டு, ஒனக்கு என்ன வேணும்னு கேட்டதுண்டா?"

"இல்ல."

"இன்னிக்குத்தான் ஒருத்தன் கேட்டிருக்கான். அவங்கிட்டப் போயி ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்க." அவள் உளுந்துத் தண்ணீரைச் சாய்த்தாள். "நாளைக்கு அண்டாவ நான் கொண்டு போறேன். நீ அந்த வாஷி வண்டியப் பிடி."

மறுநாள் விடிகாலை சுடலைக்கண்ணன் அரசமரத்தடியில் வந்து நின்றான். கையில் கருவி எதுவும் இல்லை. மற்றவர்கள் முனையைத் தாண்டி, லாரி திரும்பும் இடத்துக்கே போய் நிற்கப் பழகிவிட்டார்கள். வாசலில் அவன் ஒருவன்தான்.

புதிய கேமரா கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தது. மேலே பலகையில் பூஜ்யம் அழிந்து ஒன்று விழுந்தது. பக்கத்தில் பச்சை அம்புக்குறி ஒன்றும் மின்னியது. ஜன்னலில் செண்பகவல்லி அதைக் கண்டு மலர்ந்து போய் டாக்டரைக் கூப்பிடுவது தெரிந்தது.

லாரி வந்தது. சைஃப் கை கொடுத்தான். அவன் ஏறிக்கொண்டான்.

பலகை பூஜ்யத்துக்கு இறங்கியது.